அடங்காத, சண்டைக்கார, முரட்டு: எந்த ஆளுக்கு எந்த வார்த்தை போடுறது?

ஒருத்தர் சொன்ன பேச்சு கேக்க மாட்டார், எடுத்ததுக்கெல்லாம் சண்டைக்கு வருவார், இப்படிப்பட்ட ஆளை ஒரே வார்த்தையில சொல்லணும்னா தமிழ்ல எதைப் போடுறதுன்னு நிறைய பேர் தேடுறாங்க. கதை எழுதுறவங்க, மொழிபெயர்ப்பு பண்றவங்க, பிள்ளையைப் பத்தி ரிப்போர்ட் எழுதுற டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் மேல மனு எழுத உக்காந்தவங்கன்னு எல்லாருக்கும் இந்தத் தேவை வருது. அகராதியைத் திறந்தா அடங்காத, முரட்டு, சண்டைக்கார, வம்பு பிடிச்ச, மூர்க்கமான, கலகக்காரன்னு எல்லாம் கமா போட்டு வரிசையா நிக்கும், பார்த்தா ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண எடுத்துப் போட்டாலும் ஓடிடும்னு தோணும், ஆனா அப்படி மாத்திப் போட்டா வாக்கியத்தோட பொருள் மட்டும் இல்ல, அந்த ஆளைப் பத்தின தீர்ப்பே மாறிப்போகுது.

ஏன்னா இந்த வார்த்தைகள் எல்லாம் ஆளோட குணத்தை மட்டும் சொல்லல, அந்த ஆளுக்கு எதிர்ல யார் நிக்கிறாங்கன்னும் சேர்த்தே சொல்லுது. 'அடங்காத'ன்னு சொன்னா அங்க அடக்க நினைக்கிற ஒருத்தர் மேல இருக்கார்னு அர்த்தம், அப்பாவோ வாத்தியாரோ அரசாங்கமோ. 'சண்டைக்கார'ன்னு சொன்னா சரிசமமா எதிர்ல ஒருத்தர் நிக்கிறார். 'முரட்டு'ன்னா எதிர்ல யாருமே தேவையில்ல, அந்த ஆளோட நடை, கை, குரல் எல்லாமே அப்படித்தான். அதனால வார்த்தையைத் தேடுறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விதான் முதல்ல வரணும்: இவர் பேச்சு கேக்காதவரா, வலிய சண்டைக்குப் போறவரா, இல்ல நடந்துக்கிற விதமே கரடுமுரடா? மூணும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம், ஆனா உங்க வாக்கியத்துக்கு எது வேணும்ங்கிறது ஒண்ணுதான்.

திருக்குறள்லயே இது ரெண்டு தனித்தனி அதிகாரமா இருக்கு. 13வது அதிகாரம் அடக்கமுடைமை, அதோட முதல் குறள்லயே "அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்"னு வருது. சண்டை போடுற குணம் அங்க இல்ல, அது தள்ளிப் போய் 86வது அதிகாரமா, 'இகல்'ங்கிற பேர்ல இருக்கு. "இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்"னு 851வது குறள். இங்க பகல்னா பகலவன் வர்ற பகல் இல்ல, பகுத்துப் பிரிக்கிறது, சேராம நிக்கிறது. அதாவது இகல்ங்கிறது ஆளையும் ஆளையும் பிரிக்கிற நோய். அடங்காமை ஒருத்தன் தன்னைத் தானே காக்காததால வர்றது, இகல் ரெண்டு பேருக்கு நடுவுல வர்றது. அவ்வளவு தெளிவா பிரிச்சு வச்சதை நாம இப்ப ஒரே வரியில கமா போட்டு அடுக்கிட்டோம்.

இப்ப முதல் வகை, அடங்காத குடும்பம். இதுல ரொம்ப ஈஸியா கிடைக்கிறது 'அடங்காத', 'கட்டுக்கடங்காத' ரெண்டும். மனுஷனைத் தவிர மத்த எல்லாத்துக்கும் இது அருமையா பொருந்தும்: அடங்காத பசி, அடங்காத முடி, அடங்காத ஆசை, கட்டுக்கடங்காத தீ. கூட்டத்துக்குப் போடும்போது மட்டும் கவனமா இருக்கணும். 'கட்டுக்கடங்காத கூட்டம்'னு எழுதினா படிக்கிறவங்க பெரும்பாலும் 'ரொம்பப் பெரிய கூட்டம்'னுதான் எடுத்துப்பாங்க, அந்தக் கூட்டம் ஒழுங்கா வரிசையில நின்னு சாமி கும்பிட்டுட்டு அமைதியா போயிருந்தாலும் அப்படித்தான் எழுதுறாங்க. கூட்டம் நிஜமாவே நாற்காலியைத் தூக்கி எறிஞ்சிச்சுன்னா அதுக்கு 'ரகளை', 'கலாட்டா', 'அமளி' வேணும், கூடவே 'கூட்டம்'ங்கிறதை 'கும்பல்'னு மாத்தினாலே பாதி வேலை முடிஞ்சிடும். கூட்டம்னு சொல்ற வரைக்கும் தப்பு இல்ல, கும்பல்னு சொன்ன நிமிஷமே சந்தேகம் வந்துடுது.

மனுஷனுக்கு 'அடங்காத'ன்னு போடும்போது வேற சிக்கல். அது எப்பவும் மேல இருக்கிறவங்க பக்கம் நின்னு பேசுற வார்த்தை. 'அடங்காத மருமகள்'னு எழுதினா எழுதினவர் மாமியார் பக்கம்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சிடும். ஒரு கதாபாத்திரம் வாயில இதை வச்சா அந்த கதாபாத்திரம் யாருன்னு காட்டிடலாம், அதுக்கு இது நல்ல கருவி. ஆனா கட்டுரையோட சொந்தக் குரல்ல இதைப் போட்டா நீங்க நினைக்காமலே ஒரு பக்கம் சாய்ஞ்சிடுறீங்க.

இதே குடும்பத்துல 'அடங்காப்பிடாரி'. பிடாரின்னா கிராமத்துல காவல் நிக்கிற அம்மன், 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதை'ன்னு பழமொழியே இருக்கு. உக்கிரமான தெய்வத்தோட பேரை வச்சு சொல்ற வார்த்தைங்கிறதால இதுல ஒரு பெரிய வலு இருக்கு, ஆனா நடைமுறையில இதை பொம்பளைங்களுக்குத்தான் சொல்றாங்க. ஆம்பளை அதையே செஞ்சா 'முரடன்'னு சொல்லிட்டு விட்டுடுவாங்க, சில சமயம் அதுவே பெருமையாவும் இருக்கும். 'வாயாடி'யும் இதே மாதிரி, பேச்சுக்கு பேச்சு பதில் சொல்ற பையனை 'வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்'னு மெச்சுவாங்க, பொண்ணுன்னா வாயாடி. 'ராங்கிக்காரி'யும் அதே ரகம். சம்பளம் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்ட ஒரு பொண்ணைப் பத்தி எழுதும்போது இந்த வார்த்தைகள்ல எதுவுமே வரக்கூடாது, அவங்க கேட்டது கேள்வி, அதை 'கேட்டார்'னு எழுதினா போதும். இதை நான் ரொம்ப அழுத்தியே சொல்வேன், ஏன்னா இந்த மூணு வார்த்தையால வாயடைச்சுப் போனவங்க எத்தனையோ பேர்.

எழுத்துல ஒரு சின்ன விஷயம், இங்க நிறைய பேர் தடுமாறுறாங்க. 'அடங்காப் பசி'ன்னா நடுவுல ப் வரும், 'அடங்காத பசி'ன்னா வராது. 'அடங்கா'ங்கிறது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது கடைசி 'த' போயிட்டது, அப்படிப் போன இடத்துல க, ச, த, ப வந்தா ஒற்று மிகும், 'ஓடாக் குதிரை' மாதிரி. சிலப்பதிகாரத்துல கண்ணகி பாண்டியனைப் பார்த்து 'தேரா மன்னா'ன்னு கூப்பிடுறதும் இதே வடிவம்தான், அங்க 'ம' வர்றதால ஒற்று இல்ல. கண்ணகியைப் பத்தி இங்க இன்னொண்ணும் சொல்லணும். அரசவையில போய் குரலை உயர்த்தி ராஜாவையே ஆராயாதவன்னு சொன்ன பொண்ணு அவங்க, ஆனா அவங்களை யாரும் அடங்காதவள்னு சொல்றதில்ல, நியாயம் அவங்க பக்கம் இருந்துச்சுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டதால.

'தான்தோன்றித்தனமான'ங்கிறது ஆளை விட முடிவுக்கு நல்லா பொருந்தும், யாரையும் கேக்காம தன் இஷ்டத்துக்கு எடுத்த முடிவு. 'தறிகெட்ட' கொஞ்சம் வேற, தறின்னா யானையையோ மாட்டையோ கட்டி வைக்கிற முளை, கட்டுத்தறின்னு சொல்றோம்ல அது. தறிகெட்டு ஓடுற லாரி, தறிகெட்டுப் போன வாழ்க்கைன்னு வேகமும் திசையில்லாமையும் சேர்ந்து வர்ற இடத்துல மட்டும் இதைப் போடலாம், சும்மா பேச்சு கேக்காத பையனுக்கு இது ரொம்ப அதிகம்.

ரெண்டாவது வகைதான் உண்மையில பணக்காரக் குடும்பம், சண்டை. சண்டை, வம்பு, தகராறு, லடாய், சச்சரவு, பூசல், பிணக்கு, மனஸ்தாபம், ஊடல்னு போய்க்கிட்டே இருக்கும், ஒவ்வொண்ணும் சண்டையோட ஒவ்வொரு அளவு. ஊடல் காதலிக்கிறவங்களுக்கு மட்டும், குறளோட கடைசி அதிகாரமே ஊடலுவகை. பிணக்குன்னா பேச்சு வார்த்தை நின்னு போச்சு, ஆனா கத்தல் இல்ல. மனஸ்தாபம் அதை விட மென்மை. சச்சரவு தனியா வர்றதை விட 'சண்டை சச்சரவு'ன்னு ஜோடியாத்தான் அதிகம் வரும். தகராறுல சத்தம் இருக்கு, பொது இடம் இருக்கு, பெரும்பாலும் பணமோ எல்லையோ குடியோ ஒரு காரணம் இருக்கு. அரபில தக்ரார்னா திரும்பத் திரும்பச் சொல்றது, உருதுல அது வாக்குவாதம் ஆகி நம்மகிட்ட வந்து சேர்ந்துச்சு, சண்டை போடுறவங்க சொன்னதையேதானே திரும்பத் திரும்ப சொல்றாங்க, அதனால அந்தப் பழைய பொருள் இன்னும் உள்ள இருக்கிற மாதிரியே எனக்குப் படும். லடாய் இந்தில இருந்து வந்தது, பேச்சுல மட்டும் ஓடும், எழுத்துல போட்டா கொஞ்சம் விளையாட்டா தெரியும்.

ஆனா இதெல்லாம் சம்பவத்தோட பேரு. ஆளோட குணத்தைச் சொல்லணும்னா போட்டி 'சண்டைக்கார'வுக்கும் 'வம்புக்கார'வுக்கும்தான். ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்க அதிகம். சண்டைக்காரர் காரணம் கிடைச்சா சண்டை போடுவார். வம்புக்காரர் காரணத்தைத் தேடிப் போவார், இல்லன்னா உண்டாக்குவார். அதனாலதான் 'வம்பை விலைக்கு வாங்குறது', 'வம்புக்கு இழுக்கிறது', 'வீண் வம்பு'ன்னெல்லாம் சொல்றோம், 'வீண் சண்டை'ன்னு சொன்னாலும் 'சண்டையை விலைக்கு வாங்குறது'ன்னு அவ்வளவா சொல்றதில்ல. ஒருத்தர் சும்மா போறவங்களைச் சீண்டுறார்னா 'வம்பு' சரி, தன்னைத் தொட்டா மட்டும் பாயுறார்னா 'சண்டைக்கார' கூட நியாயம் இல்ல, அவர் 'கோவக்காரர்', அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை விட்டுட்டு ரெண்டு பேரையும் சண்டைக்காரர்னு எழுதினா சீண்டினவரும் சீண்டப்பட்டவரும் ஒரே தட்டுல வந்துடுவாங்க.

வம்புக்கு இன்னொரு பொருளும் இருக்கு, ஊர்க்கதை பேசுறது, வம்பளப்பு. 'அவங்க வம்பு பேசிட்டு இருக்காங்க'ன்னா சண்டை இல்ல, யார் வீட்ல என்னன்னு பேசுறாங்க. சங்க காலத்துல இந்த வம்புக்கு ரெண்டு பொருளும் முன்னால நிக்கல, புதுசா வந்தது, நிலையில்லாததுங்கிறதுதான் அங்க தெரியும், குறுந்தொகையில காலம் தப்பிப் பெய்யுற மழையை 'வம்ப மாரி'ன்னு சொல்வாங்க. அதனால பழைய பாட்டுல வம்பைப் பார்த்தா சண்டைன்னு படிச்சிடக் கூடாது. இப்ப எழுதும்போதும் 'வம்பு பிடிச்ச'ன்னா சீண்டுறவர், 'வம்பு பேசுற'ன்னா கதை பேசுறவர், வினையைச் சரியா போட்டா குழப்பம் வராது.

இந்த இடத்துல 'சண்டி'யைப் பத்தி சொல்லியே ஆகணும், சத்தம் ஒரே மாதிரி இருக்கிறதால சண்டையோட சேர்த்துடுறாங்க. சண்டிமாடு சண்டை போடாது. அது நடக்கவே நடக்காது, வண்டியில பூட்டினா படுத்துக்கும். சண்டித்தனம்னா அதுதான், எதிர்த்து நிக்காம அசையாம இருந்தே அடம் பிடிக்கிறது. ஆபீஸ்ல ஒரு வேலையைக் கொடுத்தா 'முடியாது'ன்னும் சொல்லாம செய்யவும் செய்யாம இழுக்கிற ஆளுக்கு இதை விடப் பொருத்தமான வார்த்தை எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஆனா இப்ப எழுத்துல இது ரொம்பக் கொறஞ்சு போச்சு. அதுக்குப் பக்கத்துல இருக்கிற 'சண்டியர்' திரும்ப வேற பொருள், தென் மாவட்டங்கள்ல ஊருக்குள்ள மீசையை முறுக்கிட்டுத் திரியுற அடாவடி ஆள், ஈழத்துல 'சண்டியன்'. ஆக சண்டி, சண்டியர், சண்டைக்காரர் மூணும் மூணு ஆளு.

'-காரன்' விகுதியிலயும் ஒரு மரியாதைப் பிரச்சினை இருக்கு. சண்டைக்காரன், சண்டைக்காரர்னு ஆம்பளைக்கு ரெண்டு படி இருக்கு. பொம்பளைக்கு சண்டைக்காரி மட்டும், அதுல மரியாதை கிடையாது, 'சண்டைக்கார அம்மா'ன்னு சுத்தி வளைக்கணும். அதனால பெரியவங்களைப் பத்தி எழுதும்போது இந்த விகுதியையே விட்டுட்டு 'சண்டை போடுற குணம் உள்ளவங்க'ன்னு போயிடுறது நல்லது.

மூணாவது 'முரட்டு'. காடு காட்டு ஆகுற மாதிரி முரடு முரட்டு ஆகுது, அடுத்து வல்லினம் வந்தா ஒற்று மிகும், முரட்டுப் பையன், முரட்டுத் துணி. இந்த வார்த்தைக்கு இப்ப தப்புங்கிற வாசனையே பாதி போயிடுச்சு. முரட்டுத் துணின்னா நல்லா உழைக்கும், முரட்டு பக்தர்னா அவ்வளவு ஈடுபாடு, இப்ப பசங்க பேச்சுல முரட்டு சிங்கிள்னா 'ரொம்ப'ங்கிற பொருள் மட்டும்தான். ஆகவே ஒருத்தரோட நடத்தை தப்புன்னு காட்டணும்னா முரட்டுன்னு தனியா போட்டா போதாது, 'முரட்டுத்தனமா தள்ளினார்', 'முரட்டுத்தனமா பேசினார்'னு வினையோட சேர்க்கணும். மூர்க்கம் அதுக்கு மேல ஒரு படி, அதுல வெறி இருக்கு. சமஸ்கிருதத்துல மூர்க்கன்னா முட்டாள், 'முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா'ங்கிற பழமொழியில அந்தப் பழைய வாசனை இருக்கு, பிடிச்ச பிடியை யோசிக்காம விடாத ஆள். இப்ப மூர்க்கமான தாக்குதல்னுதான் நமக்கு வருது. ஒருத்தர் வெறும் வாய்ச்சண்டை போட்டதுக்கு மூர்க்கம்னு எழுதினா அது அநியாயம்.

வாய்ச்சண்டைக்கு, அதுவும் வாதம் பண்ணிக்கிட்டே இருக்கிற ஆளுக்கு, தனியா நல்ல வார்த்தைகள் இருக்கு. நியாய சாஸ்திரம்னு சொல்ற பழைய இந்தியத் தர்க்க மரபுல வாதத்தை மூணா பிரிச்சாங்க, உண்மையைத் தேடுறது வாதம், ஜெயிக்கிறதுக்காகப் பேசுறது ஜல்பம், தனக்குன்னு ஒரு கருத்தே இல்லாம அடுத்தவர் சொன்னதை உடைக்கிறது மட்டும் விதண்டை. விதண்டாவாதம்னு நாம சொல்றது அங்க இருந்து வந்தது. அதனால எதிர்க்கருத்து சொல்ற எல்லாரையும் விதண்டாவாதின்னு சொல்ல முடியாது, அவருக்குன்னு ஒரு நிலைப்பாடு இருந்தா அது வாதம்தான், பிடிக்கலன்னாலும். குதர்க்கம்னா காரணத்தையே கோணலாக்குறது, இடக்குன்னா நேரா கேட்ட கேள்விக்கு வேணும்னே வேற பதில் சொல்றது, ஏட்டிக்குப் போட்டின்னா நீ என்ன சொன்னாலும் அதுக்கு எதிரா நிக்கிறது. விவாதத்துல எரிச்சல் மூட்டுற ஆளை 'சண்டைக்காரர்'னு மொத்தமா சொல்றதை விட இந்த நாலுல எதுன்னு பிரிச்சு சொன்னா எதிர்ல இருக்கிறவருக்கே தான் என்ன பண்றோம்னு புரியும்.

பிள்ளைங்களுக்கு இந்தப் பெரிய வார்த்தைகள் எதுவும் வேணாம். குறும்பு, சேட்டை, வாலு, துடுக்கு இதெல்லாம் பாசத்தோட சொல்லலாம், ஈழத்துல குழப்படின்னு சொல்வாங்க, 'குழப்படி செய்யாதை'ன்னு. அடம், முரண்டு ரெண்டும் கொஞ்சம் கடினம், ஆனா அதுவும் 'பிடிக்கிறான்'னு வினையோட வர்றதால அந்த நேரத்துக்கு மட்டும் சொன்ன மாதிரி இருக்கும், இன்னைக்கு முரண்டு பிடிச்ச பிள்ளை நாளைக்கு சிரிச்சிக்கிட்டே வரும். 'முரடன்'னு சொன்னா அப்படி இல்ல, அது பேரா ஒட்டிக்குது. தறுதலை, போக்கிரி, காலி மாதிரி வார்த்தைகளை ஒரு பத்து வயசுப் பிள்ளை மேல போடுறதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால ஏத்துக்க முடியாது, பிள்ளைங்க அதை மறக்காது. 'அடியாத மாடு படியாது'ன்னு பழமொழி சொல்றவங்களும் இருக்காங்க, அது மாட்டைப் பத்திச் சொன்னது, பிள்ளைக்கு அதை எடுத்துக்கிட்டு வரத் தேவையில்ல.

செய்தியில வர்ற இடங்கள் வேற. சட்டசபையிலயோ நாடாளுமன்றத்துலயோ கூச்சல் நடந்தா அதுக்கு 'அமளி'ன்னு ஒரு வார்த்தை நிலைச்சுப் போச்சு, அதை மாத்தத் தேவையே இல்ல. 'அட்டகாசம்' விலங்குகளுக்கு நிறைய போடுறாங்க, யானை அட்டகாசம், குரங்கு அட்டகாசம்னு, மூலத்துல அது உரக்கச் சிரிக்கிறது, அட்டஹாசம். அதே வார்த்தையை சாப்பாடோ பாட்டோ பிரமாதமா இருந்தாலும் சொல்றோம், அதனால இடம் பார்த்துப் போடணும். யானைக்கு மதம் பிடிக்கிறது உடம்புல நடக்கிற ஒரு மாற்றம், அதை அடங்காமைன்னு எழுதுறது தப்பு.

விமானத்துல தகராறு பண்ற பயணியைப் பத்தி எழுதும்போது மொழிபெயர்ப்பாளர்கள் 'கட்டுப்பாடற்ற பயணி', 'ஒழுங்கற்ற பயணி'ன்னு தடுமாறுறாங்க, ரெண்டுமே தமிழா ஒலிக்கல. இந்தியாவுல சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017ல கொண்டுவந்த விதியைப் பார்த்தா இதுக்கு வழி கிடைக்கும், அதுல தப்பை மூணு நிலையா பிரிச்சாங்க: வாயாலயும் சைகையாலயும் தொல்லை கொடுக்கிறது, அதுக்கு 3 மாசம் வரைக்கும் பறக்கத் தடை, உடம்பளவுல கை வைக்கிறது, 6 மாசம் வரைக்கும், உயிருக்கு ஆபத்தாகுற மாதிரி நடக்கிறது, குறைஞ்சது 2 வருஷம். ஒரே பெயரடையை மூணு பேருக்கும் மாட்டினா படிக்கிறவங்களுக்கு எது நடந்துச்சுன்னே தெரியாது. முதல் ஆளுக்கு 'கூச்சல் போட்ட பயணி', ரெண்டாவது ஆளுக்கு 'கை நீட்டிய பயணி', மூணாவதுக்கு செஞ்சதை அப்படியே எழுதணும், கதவைத் திறக்கப் பார்த்தாருன்னா கதவைத் திறக்கப் பார்த்தவர்.

'கலகக்காரர்'ங்கிற வார்த்தையை மட்டும் நான் தனியா வைப்பேன், இதுல யார் பக்கம் நிக்கிறோம்ங்கிறது முழுசா வெளிய தெரிஞ்சிடும். 1806 ஜூலையில வேலூர்க் கோட்டையில சிப்பாய்கள் எழுந்தாங்க. அதை வேலூர்க் கலகம்னும் எழுதுறாங்க, வேலூர்ப் புரட்சின்னும் எழுதுறாங்க. 1857 சிப்பாய்க் கலகம்னும் வரும், முதல் சுதந்திரப் போர்னும் வரும். நடந்தது ஒண்ணுதான், கலகம்னு சொன்னா கோட்டைக்குள்ள அதிகாரத்துல இருந்தவங்க குரல், புரட்சின்னு சொன்னா எழுந்தவங்க குரல். தெருச்சண்டை, வீட்டுச்சண்டைக்கு கலகம் பொருந்தாது, 'கலகம் மூட்டுறவர்'னா ரெண்டு பேருக்கு நடுவுல மூட்டி விடுறவர், அந்த ஒரு இடத்துல மட்டும் வீட்டுக்குள்ளயும் வரலாம். 'நாரதர் கலகம் நன்மையில் முடியும்'ங்கிறதும் அந்தப் பொருள்லதான்.

மனுவுல, புகார்ல எழுதுறவங்க ரவுடி, குண்டர் ரெண்டையும் கோவத்துல போட்டுடுறாங்க. இது சாதாரண திட்டு இல்ல, போலீஸ் ஸ்டேஷன்ல ரவுடிப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, தமிழ்நாட்டுல 1982ல வந்த தடுப்புக் காவல் சட்டத்துக்கு மக்கள் வச்ச பேரே குண்டர் சட்டம். பார்க்கிங் சண்டைக்கு 'குண்டர்'னு எழுதினா உங்க மனு மேல இருக்கிற நம்பிக்கைதான் கொறையும். 'தகராறு செய்தார்', 'தகாத வார்த்தைகளால் திட்டினார்', 'வழியை மறித்தார்'னு நடந்ததை எழுதினா படிக்கிற அதிகாரிக்கு வேலை சுலபம், உங்களுக்கும் பாதுகாப்பு.

பேச்சு வழக்குல ஊருக்கு ஊர் அழகான வார்த்தைகள் இருக்கு, மதுரைப் பக்கம் சலம்பல், லந்து, கோவைப் பக்கம் லொள்ளு, சென்னைப் பக்கம் அராத்து, அப்புறம் அலும்பு, அழிச்சாட்டியம், அடாவடின்னு பொதுவா ஓடுறது. கதையில உரையாடல்ல இதை தாராளமா போடுங்க, ஆனா கதாபாத்திரம் எந்தப் பக்கத்து ஆளோ அந்தப் பக்கத்து வார்த்தையைப் போடுங்க, மதுரைக்காரர் வாயில அராத்து வந்தா உடனே தெரிஞ்சிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் தேர்வு என்னன்னா, பாதி நேரம் இந்தப் பட்டியல்ல இருக்கிற எந்த ஒத்தை வார்த்தையும் வேணாம். தமிழ்ல பெயருக்கு முன்னாடி எவ்வளவு நீளமான எச்சத்தை வேணும்னாலும் வைக்கலாம், காதுக்கு உறுத்தாது. 'சண்டைக்கார மனுஷன்'ங்கிறதை விட 'எடுத்ததுக்கெல்லாம் எகிறுற மனுஷன்', 'சும்மா போறவங்களை வம்புக்கு இழுக்கிற மனுஷன்', 'யார் சொன்னாலும் காதுல வாங்காத மனுஷன்', 'ஒரு வார்த்தை பொறுக்காத மனுஷன்', இதெல்லாம் அந்த ஆளை கண்ணு முன்னாடி கொண்டு வந்து நிறுத்தும். அடங்காத, சண்டைக்கார, முரட்டு மூணும் சட்டுன்னு ஒரு ஆளை அறிமுகப்படுத்தவோ, தலைப்பு வைக்கவோ, ரெண்டாவது தடவை குறிப்பிடும்போது சுருக்கமா சொல்லவோ உதவும். முதல் தடவை அந்த ஆள் என்ன பண்றார்ங்கிறதையே எச்சமாக்கி வைக்கிறதுதான் நல்லது.

மொழிபெயர்க்கிறவங்களுக்கு ஒண்ணு மட்டும் கூட சேர்க்கணும். மூலத்துல ஒரே பெயரடை அஞ்சு இடத்துல வந்திருந்தாலும் தமிழ்ல அஞ்சு இடத்துலயும் ஒரே வார்த்தையைப் போடணும்னு கட்டாயம் இல்ல. முடிக்கு அடங்காத, குழந்தைக்கு சேட்டைக்கார, கூட்டத்துக்கு ரகளை செய்த, அண்ணன் தம்பிக்கு எப்பவும் முட்டிக்கிட்டு நிக்கிற, அரசியல்வாதிக்கு அமளி பண்ற. மூலத்துல அந்த வார்த்தை திரும்பத் திரும்ப வர்றதே கதைக்கு முக்கியம்னா, அதாவது ஒரு பாட்டி எல்லாரையும் அதே சொல்லால திட்டுறாங்கன்னா, அப்ப மட்டும் ஒண்ணையே பிடிச்சிக்கணும், அதுக்கு 'அடங்காத' நல்லா தாங்கும், ஏன்னா முடி, குழந்தை, கூட்டம், மனுஷன் நாலுக்கும் போடக்கூடிய ஒரே வார்த்தை அதுதான், அதுவும் இல்லாம அந்தப் பாட்டி எல்லாரையும் மேல இருந்து பார்க்கிறாங்கங்கிறதையும் அந்த வார்த்தையே சொல்லிடும்.